பங்குனியில் புதுக்கோட்டைப் பக்கம் மூன்று நாள், காரில்: பட்டியலில் எதை வெட்டலாம்?

நொய்யல் எழுதியது:

வணக்கம். பங்குனி இரண்டாவது வாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் கோவையிலிருந்து புதுக்கோட்டை மாவட்டத்துக்குக் காரில் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, ஆறாவது படிக்கும் மகள், அப்பா. அப்பாவுக்கு 71 வயது, நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முட்டி கொஞ்சம் தகராறு, ஆனால் "நீங்க கார்லயே இருங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது. வண்டி பத்து வருடப் பழைய வேகன் ஆர், ஏசி அதுவாக மனசு வைத்தால்தான் ஓடும்.

நான் போட்டு வைத்திருக்கும் பட்டியல்: விராலிமலை, கொடும்பாளூர், சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, குன்றாண்டார்கோயில், மலையடிப்பட்டி, திருக்கோகர்ணம், அங்கேயே உள்ள மியூசியம், திருமயம், ஆவுடையார்கோயில், நேரம் இருந்தால் கானாடுகாத்தான். பன்னிரண்டு ஊர். மனைவி பார்த்துவிட்டு "இது டூரா, தேர்தல் பிரச்சாரமா?" என்று கேட்டாள். அதில் நியாயம் இருக்கிறது. போன வருடம் வேறொரு ஊருக்கு இப்படித்தான் பட்டியலோடு போய், திரும்பி வந்து போட்டோவைப் பார்த்தபோது எது எந்தக் கோயில் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த முறை மெதுவாகப் போக வேண்டும், வழியில் டீக்கடையில் அரை மணி உட்கார வேண்டும், அதுதான் ஆசை.

கேட்க வேண்டியது இவ்வளவுதான். எதை வெட்டலாம்? பங்குனி வெயில் தாங்குமா, இல்லை தை மாதத்துக்குத் தள்ளிப் போடலாமா? அப்பாவால் எங்கே ஏற முடியும், எங்கே முடியாது? தங்க புதுக்கோட்டையா திருச்சியா?


வெள்ளாற்றங்கரை எழுதியது:

வாங்க, நம்ம ஊருக்கு. முதலில் தங்குவது: புதுக்கோட்டையிலேயே தங்குங்கள். திருச்சியில் தங்கினால் தினமும் போக வர 110 கிலோமீட்டர் வீண், அதுவும் காலையில் நல்ல வெளிச்சம் இருக்கிற நேரத்தில் பாலத்துக்கு அடியில் சிக்னலில் நின்றுகொண்டிருப்பீர்கள். அரண்மனை மாதிரி செட்டிநாட்டு வீட்டில் தங்க ஆசையென்றால் கானாடுகாத்தான் பக்கம் உண்டு, விலையும் அரண்மனை விலைதான்.

தை மாதம் நல்லதுதான், ஆனால் பங்குனியில் இந்த ஊருக்கு ஒரு அழகு உண்டு. புங்க மரம் எல்லாம் புதுத் தளிர் விட்டுப் பளபளவென்று நிற்கும், வேம்பு பூக்க ஆரம்பித்திருக்கும், ஆலங்குடிப் பக்கம் முந்திரியில் பழம் தொங்கும். கண்மாயில் பாதித் தண்ணீராவது கிடக்கும், சித்திரை கடைசியில் வந்தால் அதுவும் இருக்காது. வெயில் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். அதனால் ஒவ்வொரு நாளையும் இரண்டாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். காலை 6 முதல் 11, மாலை 4 முதல் 6.30. நடுவில் சாப்பாடு, தூக்கம். பூஜை நடக்கிற கோயில்கள் எப்படியும் மதியம் 12 வாக்கில் நடை சாத்தினால் 4 மணிக்குத்தான் திறப்பார்கள். தொல்லியல் துறை இடங்கள் மதியமும் திறந்திருக்கும், ஆனால் வெறும் பாறையில் இரண்டு மணிக்கு ஏறுவது உங்களுக்கு நீங்களே செய்துகொள்ளும் சூனியம்.

இப்போது வெட்டு. கானாடுகாத்தானை வெட்டுங்கள், அது காரைக்குடியோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய தனிப் பயணம். ஆவுடையார்கோயிலையும் வெட்டுங்கள் (யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும்). குன்றாண்டார்கோயில், மலையடிப்பட்டி இரண்டும் கீரனூர்ப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கின்றன, பாறையைக் குடைந்து செய்த நல்ல குடைவரைக் கோயில்கள்தான், ஆனால் மூன்று நாளில் ஐந்து குடைவரை பார்த்தால் உங்கள் மகள் ஆறாவதாக ஒன்றைப் பார்க்கவே மாட்டாள், ஆயுசுக்கும். மிச்சம் எட்டு. அதிலும் விராலிமலை, கோகர்ணம் இரண்டும் வழியில் எட்டிப் பார்த்தால் போதும். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. 1910இல் தொடங்கியது, உள்ளே அம்மன் காசு இருக்கிறது, இந்தச் சமஸ்தானம் தானே அடித்த சின்னஞ்சிறு செப்புக் காசு, அதை மகளுக்குக் காட்டுங்கள்.

கோவையிலிருந்து கரூர், மணப்பாறை வழியாக வந்தால் விராலிமலை முதலில் வரும். முருகனுக்குச் சுருட்டு படைக்கிற ஊர். மயில்கள் ரோட்டைக் கடக்கும், ஹாரன் அடிக்காதீர்கள். அங்கிருந்து கொடும்பாளூர் பக்கம்தான்.


ரெண்டு சக்கரம் எழுதியது:

நான் போன வருடம் இதே பங்குனியில் பைக்கில் சுற்றினேன், அதனால் இரண்டு எச்சரிக்கை மட்டும்.

ஒன்று, ரோட்டில் காயப் போட்டிருக்கும் உளுந்துச் செடி. அன்னவாசல் தாண்டி ஒரு கிராமத்து ரோட்டில் பாதி அகலத்துக்குப் பரப்பியிருந்தார்கள், வண்டி ஏறி மிதித்தால் மணி உதிரும், அவர்களுக்கு வேலை மிச்சம். பைக்காரன் நான் ஓரமாகப் போய்விட்டேன். எனக்கு முன்னால் போன காரில் காய்ந்த கொடி அச்சைச் சுற்றிக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் போவதற்குள் கருகல் வாடை வந்துவிட்டது. இறங்கிப் பார்த்தால் சைலன்சருக்கும் அச்சுக்கும் நடுவில் ஒரு கிளிக்கூடு மாதிரிச் சுருண்டு கிடக்கிறது, லேசாகப் புகை. ஒரு பாட்டி வந்து அரிவாளால் அறுத்து எடுத்துவிட்டு, "மெதுவாப் போகணும், இல்லாட்டி நின்னுரணும்" என்று அவரையே திட்டிவிட்டுப் போனார். நீங்களும் காரில்தான் வருகிறீர்கள், கவனம். குச்சி ஒன்று டிக்கியில் போட்டு வையுங்கள்.

இரண்டு, போனில் மேப்பை முழுதாக நம்பாதீர்கள். நார்த்தாமலைப் பக்கம் எனக்குக் காட்டிய குறுக்கு வழி ஒரு கல் குவாரியில் போய் முட்டியது. எதிரே டிப்பர் லாரி, திரும்ப இடமில்லை. ஊர்க்காரர்களிடம் கேளுங்கள், ஆனால் "விஜயாலய சோழீச்சரம் எங்கே" என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். "மலை மேல பழைய சிவன் கோயில்" என்று கேளுங்கள், கையைப் பிடித்துக் கூட்டிப் போய் விடுவார்கள்.

அப்புறம், ஜல்லிக்கட்டு. ஜனவரியில் தொடங்கி மே வரைக்கும் இந்த மாவட்டத்தில் ஞாயிற்றுக்கிழமை எங்காவது ஒன்று நடக்கும். ரோடு மாற்றி விடுவார்கள். அதையும் டூரில் சேர்த்துக்கொள்ளுங்கள், வேறு வழியில்லை.


அறந்தாங்கிக்காரி எழுதியது:

வெள்ளாற்றங்கரை அண்ணே, சண்டைக்கு வந்துவிட்டேன். ஆவுடையார்கோயிலை வெட்டச் சொல்வதற்கு உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கருவறையில் லிங்கம் கிடையாது, வாசலில் நந்தி கிடையாது, சாமிக்குப் படையல் சுடச்சுடப் புழுங்கலரிசிச் சோற்றின் ஆவி. மாணிக்கவாசகர் ஊர். அந்தக் கொடுங்கையை, அதாவது கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கல் தாழ்வாரத்தைப் பார்க்காமல் கல் வேலை பார்த்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது. மரச்சட்டம், குமிழ் ஆணி எல்லாம் வைத்து மேலே வேய்ந்த மாதிரி இருக்கும், தொட்டுப் பார்த்தால் கல். அந்தக் காலத்து ஸ்தபதிகள் கோயில் கட்ட ஒப்பந்தம் எழுதும்போது "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று எழுதிக் கொடுப்பார்கள் என்பார்கள். அதாவது மற்றதெல்லாம் செய்கிறோம், அதைக் கேட்காதே என்று.

நொய்யல் சார், உங்கள் அப்பாவுக்கு ஏறுவதற்கு மலையே இல்லாத இடம் இது. நிழலான பிரகாரம், சும்மா உட்கார்ந்திருக்கலாம். திருமயத்தை விட்டுவிட்டு இங்கே வாருங்கள்.


வெள்ளாற்றங்கரை எழுதியது:

தங்கச்சி, கொடுங்கையைப் பற்றி ஒரு வார்த்தை குறைவாகச் சொல்லவில்லை. அறந்தாங்கி தாண்டிப் போய் வர அரை நாள், அதற்கு அந்த ஊருக்கென்றே ஒரு தடவை வரட்டும் என்கிறேன். இவர் கேட்டது மெதுவான பயணம்.

ஆனால் திருமயம் பற்றிச் சொன்னதை யோசிக்கலாம். கோட்டை 1687இல் கிழவன் சேதுபதி கட்டியது, மேலே பீரங்கி, காற்று பிய்த்துக்கொண்டு போகும். மகளுக்குக் கட்டாயம் பிடிக்கும். அப்பா கீழேயே குடைவரையில் பள்ளிகொண்ட பெருமாளைப் பார்த்துக்கொண்டு இருக்கலாம், சிவன் கோயிலும் அதே பாறையில் ஒட்டியே இருக்கிறது. புதுக்கோட்டையிலிருந்து 20 கிலோமீட்டர், வழியில் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில் மண் குதிரைகள். அதற்கு டிக்கெட் இல்லை, மணி இல்லை, வரிசையாக நிற்கும் குதிரைகளில் பழையது மூக்கு உடைந்து, புதியது செங்காவி மாறாமல் நிற்கும். நம் பட்டியலில் யாரும் சேர்க்காத இடம் அதுதான்.


கல்வெட்டுக் கிறுக்கன் எழுதியது:

எல்லோரும் ரோடு, சோறு பற்றிப் பேசுகிறீர்கள், நான் என் வழக்கமான பைத்தியத்துக்கு வருகிறேன். நீளமாக இருக்கும், மன்னிக்கவும்.

நொய்யல், உங்கள் பாதைக்கு ஒரு பழைய வரைபடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரிலிருந்து மதுரைக்குப் போகும்போது எதிரில் வரும் மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறார். கொடும்பைக் குளக்கரைக்குப் போனால் வழி சிவபெருமான் கைச் சூலம் மாதிரி மூன்றாகப் பிரியும் என்கிறார். வலது பக்கம் போனால் சிறுமலை, இடது பக்கம் அழகர்மலை, நடுவில் ஒன்று. அந்தக் கொடும்பைதான் கொடும்பாளூர். இன்றைக்கும் திருச்சி மதுரை நான்குவழிச் சாலை அதன் பக்கமாகத்தான் போகிறது. கூடப் போன கவுந்தியடிகள் சமணத் துறவி. சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் என்கிற குகையில் பாறையை வழவழவென்று தேய்த்துச் செய்த 17 படுக்கைகளைப் பார்க்கும்போது அந்த அம்மாள் நினைவுக்கு வரட்டும். அங்கே உள்ள தமிழிக் கல்வெட்டு (தமிழின் மிகப் பழைய எழுத்து) 2,000 ஆண்டுப் பழசு. சித்தன்னவாசலில் அது ஒரு தனி ஏற்றம், மலை விளிம்பில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். அப்பாவுக்கு முட்டி எப்படி என்று பார்த்து முடிவு செய்யுங்கள். ஓவியம் இருக்கும் அறிவர் கோயிலுக்கு அவ்வளவு சிரமம் இல்லை.

ஓவியத்தைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. நிறையப் பேர் உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்து "அழிஞ்சு போச்சே" என்று இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். வெளி வெயிலில் இருந்து வந்த கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். முதலில் பச்சையாக ஒரு பரப்பு தெரியும், பிறகு தாமரை இலை, பிறகு மொட்டு, அப்புறம் மீன், வாத்து, யானை, பூப் பறிக்கும் ஆட்கள். ஒருவன் தோளில் தாமரைத் தண்டைப் போட்டுக்கொண்டு நிற்பான். முழுக்குளமும் தலைக்கு மேலே. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. தூணில் ஆடும் பெண்கள் இருவர், இப்போது கோடுகள்தான் மிச்சம். உள்ளறையில் மெல்ல "ம்ம்" என்று முனகினால் சுவர் திருப்பி முனகும், காவலர் செய்து காட்டுவார்.

குடுமியான்மலையில் எல்லோரும் முன் மண்டபத்துச் சிற்பங்களோடு திரும்பிவிடுகிறார்கள். ரதியும் பத்துத் தலை ராவணனும் அருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கோயிலுக்குப் பின்னால் மேலைக்கோயில் குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்து, சுரங்களை நான்கு நான்காகக் கட்டி, ர, ரி, ரு, ரெ என்று உயிர் மாறி மாறி வரும்படி வரிசை வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள், ஏழு பகுதி. கடைசியில் மட்டும் தமிழ்: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." எட்டு எது, ஏழு எது என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள், வீணை நரம்புக் கணக்கு என்பது ஒரு பக்கம். மகேந்திரவர்மன் வெட்டியது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், எழுத்தைப் பார்த்து அதில் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. மாலை நாலரைக்கு மேல் போங்கள், சாய்ந்த வெளிச்சத்தில்தான் எழுத்து எழுந்து நிற்கும்.

நார்த்தாமலை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். மலைமேல் விஜயாலய சோழீச்சரம், பெயர்தான் சோழன் பெயர், எடுத்தவர் முத்தரையர் வழியில் வந்த சாத்தன் பூதி என்கிற இளங்கோவதியரையர். வாசல் காவலர் சிலையின் காலடியில் ஒரு சின்னக் கல்வெட்டு இருக்கிறது. அவர் எடுப்பித்த கற்றளி, அதாவது கல் கோயில், மழை இடித்து அழிந்ததாகவும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததாகவும் சொல்கிறது. அவ்வளவுதான் செய்தி. யாரையும் ஜெயிக்கவில்லை, யாருக்கும் ஆயிரம் பசு கொடுக்கவில்லை. மழை வந்தது, விழுந்தது, திரும்பக் கட்டினோம். எனக்குத் தெரிந்து இவ்வளவு நேர்மையான கல்வெட்டு குறைவு. வெளியே சதுரம், உள்ளே கருவறை வட்டம், அதைச் சுற்றிவரும்போது கை தானாகச் சுவரைத் தடவும். எதிரே பாறையில் குடைந்த சமணர் குடகில் பன்னிரண்டு திருமால் ஒரே மாதிரி வரிசையாக நிற்பார்கள்.

கோயில் மேற்குப் பார்த்தது, அதனால் மாலையில் போங்கள்.


வெள்ளாற்றங்கரை எழுதியது:

மாலை வேண்டாம். போட்டோ எடுக்க மாலை சரி, 71 வயதுக்காரர் ஏறக் காலைதான் சரி. பகல் முழுக்கக் காய்ந்த பாறை ஐந்து மணிக்கும் அடுப்பாகத்தான் இருக்கும், இறங்கும்போது இருட்டிவிடும். காலை ஆறரைக்கு ஏற ஆரம்பியுங்கள், படிக்கட்டு என்று பெரிதாகக் கிடையாது, சரிவான பாறை, நின்று நின்று போனால் முக்கால் மணி. மேலே கடை ஏதும் இல்லை, தண்ணீர் தூக்கிக்கொண்டு போங்கள். கோயில் அருகே செருப்பைக் கழற்றிவிட்டு ஒன்பது மணிக்குமேல் நடப்பதென்றால் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பங்குனியில் நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல், அப்புறம் தேர். அந்த நாளில் மாட்டிக்கொண்டால் காரை ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்த வேண்டும். தேதி கேட்டுச் சொல்கிறேன்.


நொய்யல் எழுதியது (மூன்று வாரம் கழித்து):

போய் வந்துவிட்டோம். சொன்னவர்களுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா, அதனால் எழுதுகிறேன்.

பன்னிரண்டு ஊர் ஆறானது. முதல் நாள் விராலிமலையில் சாப்பிட்டுவிட்டு மூன்றரைக்குக் கொடும்பாளூர் போனோம். மூவர் கோயிலில் இப்போது நிற்பது இரண்டுதான், மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். பூதி விக்கிரமகேசரி என்ற சிற்றரசர் தனக்கும் கற்றளி, வரகுணை என்று இரண்டு அரசிகளுக்கும் சேர்த்து எடுத்தது என்று மகளுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ விழுந்தது யாருடையது?" என்று கேட்டாள். நடுவில் உள்ளது அவருடையது என்று நினைத்துக்கொண்டால் மிச்சம் இரண்டில் ஒன்று என்று சமாளித்தேன். அப்பா கொஞ்ச நேரம் அடித்தளங்களுக்கு நடுவில் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தார். பழைய தொழில்.

சித்தன்னவாசலில் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னது நல்ல யோசனை, நாங்கள் இருபது நிமிடம் உட்கார்ந்தோம். முதலில் மீனைக் கண்டுபிடித்தது மகள்தான். ஏழடிப்பட்டத்துக்கு நானும் அவளும் மட்டும் போனோம், அப்பா கம்பியைப் பார்த்ததுமே தானாகவே "நான் இங்க இருக்கேன்" என்றார். சோறும் இறங்கியது, புதுக்கோட்டையில் முட்டை மாஸ், இரண்டாவது தடவை கேட்டு வாங்கினார்.

திருமயத்தில் கோட்டைமேல் காற்றில் மனைவியின் துப்பட்டா ஒரு பனைமரத்துப் பக்கம் போய்விட்டது, அதோடு சரி. நமணசமுத்திரத்தில் பத்து நிமிடம் என்று நிறுத்தி ஒன்றரை மணி நேரம் இருந்தோம், எதிரே ஒருவர் நுங்கு சீவிக்கொண்டிருந்தார். அதனால் மியூசியம் போச்சு, அம்மன் காசு பார்க்கவில்லை. ஆவுடையார்கோயில் அடுத்த தடவை, அறந்தாங்கிக்காரி மன்னிக்கவும்.

உளுந்துச் செடி எங்களுக்கும் வந்தது. நின்றுவிட்டோம். ஒரு பெண் வந்து ஓரத்தை ஒதுக்கி வழிவிட்டார்.

நார்த்தாமலையில் காலை ஆறேமுக்காலுக்கு ஏற ஆரம்பித்தோம். அப்பா நான்கு இடத்தில் உட்கார்ந்தார், ஒவ்வொரு தடவையும் வேறு ஏதோ பார்ப்பது மாதிரி. மேலே போனதும் நேராக வாசல் காவலர் காலடிக்குப் போய், கல்வெட்டுக் கிறுக்கன் எழுதியதை நான் அச்சடித்து வைத்திருந்த தாளைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக விரலால் தேடினார். 'மழை' எங்கே என்று கண்டுபிடிக்கவே கால் மணி நேரம் ஆனது. சரியான இடத்தைத்தான் காட்டினாரா என்று எனக்குத் தெரியாது, அவருக்குச் சந்தேகமே இல்லை. வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரரிடம், ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே கட்டட வேலையில் மழையைக் காரணம் காட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு உதவி. குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டுப் பாறை ஓரத்தில் அப்பாவின் குடையை விட்டுவிட்டு வந்துவிட்டோம். பெரிய விஷயமில்லை, ஆனால் தினமும் கேட்கிறார். யாராவது அந்தப் பக்கம் போனால் காவலரிடம் கேட்டுப் பார்க்க முடியுமா?


வெள்ளாற்றங்கரை எழுதியது:

வியாழக்கிழமை குடுமியான்மலைப் பக்கம் அண்ணா பண்ணையில் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே கேட்டு வருகிறேன். கறுப்புக் குடையா, மடக்குக் குடையா? கைப்பிடி மரமா?